கையை மூடித் தைத்த சட்டை

அருங்காட்சியகத்தில் வேலை என்றால் கண்ணாடிப் பெட்டி துடைக்கிற வேலை என்று என் மாமியார் இன்றைக்கும் நம்புகிறார். ஒரு சின்னப் பெண்ணின் பாவாடை சட்டையைப் பற்றி விசாரிக்கச் சிங்கப்பூரிலிருந்து தென்காசிக்குப் போகிறேன் என்று சொன்னபோது அவர் எழுந்து திருநீற்றுத் தட்டை எடுத்து வந்தார். என் நெற்றியில் பூசிவிட்டார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தியே பூசினார்.

விஷயம் இதுதான். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் ஒரு பழைய கடைவீட்டு மாடியைக் காலி செய்தபோது பனையோலைப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே ஒரு பாவாடை, ஒரு சட்டை, கறுப்புக் கண்ணாடி வளையல்கள், மரச்சீப்பு, ரசம் போன ஒரு கைக்கண்ணாடி. எட்டு வயதுப் பிள்ளைக்கு அளவாக இருக்கும். கீழே இருந்த சாப்பாட்டுக் கடையில் வெகுகாலம் சமையல் செய்து, அந்த மாடியிலேயே இறந்துபோன சண்முகம் என்பவரின் பெட்டி அது. அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றும், ஊர் தென்காசிக்குப் பக்கத்தில் இலத்தூர் என்றும் கடைக்காரர் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

'சிறுமியின் உடைமைகள்' என்று பதிவு செய்தோம். சட்டையில் மட்டும் ஒரு விநோதம் இருந்தது. வலப்பக்கம் கை உண்டு. இடப்பக்கம் கை இல்லை. கை வர வேண்டிய துளையையும் மூடித் தைத்திருந்தார்கள். தையல் வேலை பாதியில் நின்றுவிட்டது என்று குறிப்பு எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

அடுத்து வரும் கண்காட்சியில் அதை வைப்பதாக முடிவானது. ஒரு பொருளைக் காட்சிக்கு வைக்குமுன் அது எந்த மக்களுடையதோ அவர்களிடம் கேட்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போட்டவள் நான். ஆகவே பயணமும் என் தலையில் விழுந்தது. அசல் துணியை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. துணிகளைப் பராமரிக்கும் தோழி மெய் லிங், அதைப் பார்த்துப் பார்த்து அச்சு அசலாக ஒரு பாவாடை சட்டை தைத்துத் தந்தாள். ஊர்க்காரர்கள் தொட்டுப் பார்க்க அது போதும் என்பது எங்கள் எண்ணம். மூடித் தைத்த இடது தோளையும் அவள் விட்டுவைக்கவில்லை.

குற்றாலத்தில் தங்கினேன். ஆடி மாதம், நல்ல சாரல். மழை என்று குடை பிடித்தால் சிரிக்கிறார்கள். பிடிக்காவிட்டால் அரை மணியில் உள்ளாடைவரை ஈரம். சிங்கப்பூர் மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். இந்தச் சாரலோ கடன்காரன் மாதிரி வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறது. கடைத்தெருவில் மங்குஸ்தானையும் ரம்புத்தானையும் அபூர்வப் பழம்போலக் கூவி விற்றார்கள். எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் அழுகுகிற பழங்கள் அவை. சொன்னால் சண்டைக்கு வருவார்களோ என்று வாங்கித் தின்றேன்.

இலத்தூர் நூலகத்துக்குப் போன் செய்து உதவி கேட்டிருந்தேன். அவர்கள் தங்கள் ஊர் ஆட்டோக்காரர் ஒருவரை அனுப்பியிருந்தார்கள். பெயர் சுடலைமுத்து. முப்பத்தைந்து வயதிருக்கும், வாய் ஓயாது. தன் மனைவி ஏழு மாதம் என்பதைப் பேருந்து நிலையத்தைத் தாண்டுமுன்னே சொல்லிவிட்டார்.

"மேடம், ஒரு குளியல் போட்டுட்டு வாங்க. தண்ணி கூடிச்சுன்னா போலீஸ் விசில் அடிப்பான். அடிச்சதும் திரும்பிப் பாக்காம வந்துருங்க" என்றார்.

பெண்கள் பக்கம் நெரிசல். அருவி தலையில் விழும்போது கண்ணைத் திறக்க முடியாது, காதும் கேட்காது. அப்போது என் இடது கையை யாரோ பிடித்தார்கள். சின்னக் கை. அம்மா என்று நினைத்துப் பிடித்திருக்கும் என்று நானும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விசில் சத்தம் கேட்டுக் கூட்டம் பின்வாங்கியது. கண்ணைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால் என் கையில் யாருமில்லை. சுற்றிலும் வளர்ந்த பெண்கள்தான் நின்றார்கள். யாரும் பிள்ளையைத் தேடவும் இல்லை. நான்தான் வெளியே வந்து, ஈரச் சேலையோடு, யாராவது குழந்தையைக் காணோம் என்று சொல்கிறார்களா என்று வெகுநேரம் நின்றேன். சுடலைமுத்து மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்து கொடுத்தார். உறைத்த உறைப்பில் கொஞ்சம் தெம்பு வந்தது.

மறுநாள் இலத்தூர். வழியெல்லாம் வயல், தூரத்தில் மலை. மலையின் தலை மேகத்துக்குள் இருந்தது. நூலகத்தில் மகளிர் குழுப் பெண்களைக் கூட்டி வைத்திருந்தார்கள். ஓலைப்பெட்டியின் படத்தைக் காட்டினேன். படம் முழுதாக வெளியே வருமுன்னே ஒரு பெண் சொல்லிவிட்டார்.

"இது கன்னிப் பெட்டில்லா!"

அதற்கப்புறம் ஆளாளுக்கு விளக்கினார்கள். வீட்டில் ஒரு பெண்பிள்ளை கல்யாணம் ஆகாமல் சிறுவயதிலேயே இறந்துபோனால், அவளை அந்த வீட்டுக் கன்னி என்று கும்பிடுவார்கள். அவளுக்கென்று ஒரு பெட்டி, வளையல், சீப்பு, கண்ணாடி. வருஷம் ஒரு தடவை புதுப் பாவாடை சட்டை. "எங்க வீட்லயும் உண்டு, இவ வீட்லயும் உண்டு. ஊருக்கு ஊரு உண்டு" என்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. தெய்வத்தின் பெட்டியை நாங்கள் விளையாட்டுச் சாமான் மாதிரி எண் போட்டு இழுப்பறையில் வைத்திருக்கிறோம்.

எங்கள் ஊரிலும் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் சீனர்கள் இறந்தவர்களுக்காகத் திறந்தவெளியில் பாட்டுக் கச்சேரி நடத்துவார்கள், முதல் வரிசை நாற்காலிகளைக் காலியாக விடுவார்கள் என்று சொன்னேன். பெண்கள் தலையாட்டினார்கள். "விடணும்லா, அவிய எங்க உக்காருவாவ" என்றார் ஒருவர். இரண்டு ஊரும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று எனக்கு உற்சாகமாகிவிட்டது. அந்த உற்சாகத்தில் பையைத் திறந்து, மெய் லிங் தைத்த சட்டையை எடுத்து விரித்துக் காட்டினேன்.

முன்வரிசைப் பெண் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். இன்னொருவர் இடது தோளைப் பார்த்துவிட்டு, "மூடுங்க, மொதல்ல மூடுங்க" என்றார். இது யார் வீட்டு வழக்கம் என்று கேட்டேன். எல்லோரும் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்கள். வாசலில் சுடலைமுத்து நின்றிருந்தார். சட்டையைப் பார்த்தபடியே படி இறங்கினார், ஆட்டோவைக் கிளப்பினார், போய்விட்டார். என் செருப்பும் தண்ணீர் பாட்டிலும் அந்த ஆட்டோவில்தான் இருந்தன.

வெறுங்காலோடு மினிபஸ் ஏறித் தென்காசி வந்தேன். சிங்கப்பூரில் ஓட்டுநர் இப்படி விட்டுவிட்டுப் போனால் புகார் எழுதியே அவரை ஒருவழி பண்ணியிருப்பேன். இங்கே யாரிடம் போய் என்ன சொல்வது? 'ஒரு சட்டையைக் காட்டினேன், பயந்து ஓடிவிட்டார்' என்றா? கோபத்தோடு, 'பார்டர்' என்று இங்கே சொல்கிற மாநில எல்லைப் பக்கம் போய் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் தின்றேன். கோபம் பாதி தணிந்தது. அறைக்கு வந்து, பையில் சாரல் இறங்கியிருந்ததால் பாவாடை சட்டையைக் கொடியில் போட்டு மின்விசிறியைச் சுழலவிட்டேன். காலையில் எல்லாம் காய்ந்திருந்தது. சட்டையின் இடது தோள் மட்டும் பிழிந்தால் சொட்டும் போலிருந்தது.

அன்றைக்குக் காலையில் சுடலைமுத்து என் செருப்போடு வந்தார். கூடவே அவருடைய அக்கா செண்பகம். வீட்டில் கிரைண்டர் போட்டு மாவு விற்கிறவர். விரல் நகங்களில் உளுந்து மாவு காய்ந்திருந்தது. தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா நேராகக் கொடியைப் பார்த்தார்.

"சண்முகம்ங்கது எங்க தாத்தாவோட அண்ணன் பேரு. பெட்டியத் தூக்கிட்டுக் கப்பலேறினவரு. இது எங்க கன்னி" என்றார்.

லாட்ஜ் வராந்தாவில் உட்கார்ந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவ எங்க தாத்தாவுக்குத் தங்கச்சி. எட்டு வயசு. ஆடி மாசம், அண்ணன்மாரு ரெண்டு பேரோடயும் பழைய குத்தாலத்துக்குக் குளிக்க வந்திருக்கா. திடீர்னு தண்ணி கூடிட்டு. பெரியவரு, அதான் அந்தச் சண்முகம், அவ இடது கையப் பிடிச்சிருக்காரு. விடவே இல்லயாம். ஆனா சட்டக் கை மட்டும் கிழிஞ்சு இவரு கையோட வந்துட்டு. பிள்ள போயிட்டா."

கன்னியாக வைத்துக் கும்பிட ஆரம்பித்தபோது வீட்டுப் பெரியவர்கள் பயந்திருக்கிறார்கள். அந்தக் கை இன்னும் பிடிமானம் தேடும், யாரையாவது பிடித்து இழுத்துவிடும் என்று. அதனால் அவளுக்கு வைக்கும் சட்டையில் இடது கையை மூடித் தைப்பது அந்த வீட்டு வழக்கமானது. வேறு எந்த வீட்டிலும் அப்படி இல்லை. அடுத்த ஆடியில் புதுத்துணி வைக்கும்போது, பழைய சட்டையின் தையலை வீட்டுப் பெண் பிரிப்பாள். துளைக்குள் தன் கையை விடுவாள். "போ தாயி" என்று சொல்லுவாள். பிறகு அந்தத் துணியை ஓடும் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். அத்தோடு அவளுக்கு அந்த வருஷம் முடியும்.

"உங்க கிட்ட இருக்க சட்டைய யாரும் பிரிக்கல. அவரு தூக்கிட்டுப் போயிட்டாரு. நாங்க வருசா வருசம் புதுசு வைக்கோம், பிரிக்கோம், விடுதோம். ஆனா அந்த ஒரு வருசம் முடியாம அப்படியே நிக்குல்லா? அவ அதுலதான் நிக்கா" என்றார் செண்பகம். "அதுக்கப்புறம் என்னத் தவிர எங்க வீட்ல ஒரு பொம்பளப் பிள்ள தங்கல. எனக்கு ரெண்டு பொறந்துச்சு. ரெண்டும் இல்ல. இப்போ இவன் பொண்டாட்டி உண்டாயிருக்கா."

சுடலைமுத்து வராந்தாத் தூணைப் பார்த்தபடி நின்றார். நேற்றுவரை ஓயாத வாய்.

"அந்தத் தையலப் பிரிச்சுருங்க மேடம். வேற ஒண்ணும் கேக்கல" என்றார் செண்பகம்.

பதிவான பொருளில் ஒரு நூலைக்கூட எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. எங்கள் வேலையே ஒரு பொருள் எப்படி வந்ததோ அப்படியே அதை நிறுத்தி வைப்பதுதான். அந்தப் பிள்ளைகள் வேறு காரணத்தால் இறந்திருக்கலாம் என்று சொல்ல வாய் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. காட்சிக்கு வைக்க விடமாட்டேன் என்று மட்டும் உறுதி சொன்னேன். அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

"இது புதுத்துணிதான? யாரும் உடுத்தலல்லா?" என்று கொடியைக் காட்டிக் கேட்டார். இல்லை என்றேன். "நாளைக்கு வெள்ளிக்கிழம. எடுத்துட்டு வாங்க. இதையாவது வெச்சுப் பாப்போம்."

வெள்ளிக்கிழமை இலத்தூரில் செண்பகத்தின் வீட்டுக்குப் போனேன். சுடலைமுத்துவின் மனைவியை ஆய்க்குடியில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தத் துணி அவள் கண்ணில் படக் கூடாதாம். உள்ளறையில் பலகை மேல் துணியை மடித்து வைத்து, மாவிளக்கு ஏற்றி, சர்க்கரைப் பொங்கல் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். கன்னி சாப்பிடும் நேரம் அது. பட்டப்பகல். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் ஒருவர் தண்ணீர் கேன் போட்டுப் போனார். இருந்தும், அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி நிற்க எனக்குத் துணிவில்லை.

அப்போதுதான் மெய் லிங்கிடமிருந்து செய்தி வந்தது. முந்தைய நாள் நான் அவளுக்கு எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். அவள் அசல் சட்டையை நுண்ணோக்கியின் கீழ் மறுபடி வைத்துப் பார்த்திருக்கிறாள். பெரிதாக்கிய படங்கள் வந்தன. கீழே அவள் எழுதியிருந்தது:

"இந்தத் தையல் ஒரு தடவை போட்டது இல்லை. பல தடவை பிரித்து, பல தடவை தைத்திருக்கிறார்கள். ஊசித் துளை மேல் ஊசித் துளை. துளைகளில் வெவ்வேறு நிற நூலின் துணுக்குகள் இருக்கின்றன. துளையின் விளிம்பு வியர்வை பட்டு மழுங்கியிருக்கிறது. ஒரு பெரிய ஆளின் மணிக்கட்டு புகுந்து புகுந்து விரிந்தது மாதிரி இருக்கிறது. நீ சொன்ன கதையில் இதைச் செய்தது யார்?"

கல்யாணம் ஆகாத சமையல்காரர். தேக்கா மாடியில் தனியாக இருந்தவர். வருஷா வருஷம் தையலைப் பிரித்து, அந்தச் சின்னத் துளைக்குள் தன் கையை விட்டிருக்கிறார். பிறகு மறுபடியும் மூடித் தைத்திருக்கிறார்.

படங்களைச் செண்பகத்திடம் காட்டி, இதைச் சொன்னேன். அவர் போனைக் கையில் வாங்கிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். இந்த வீட்டில் மூன்று தலைமுறையாகத் திட்டு வாங்கிய மனிதர் சண்முகம். ஓடிப்போனவர், பெட்டியைத் திருடினவர், வீட்டுப் பெண்களின் வயிற்றில் மண் போட்டவர்.

"கைய விட்டுத் தேடியிருக்காரு" என்றார் கடைசியில். "போன்னு சொல்ல மட்டும் மனசு வரல."

கதவைத் திறந்தோம். வைத்தது வைத்தபடி இருந்தது. செண்பகம் பிளேடால் புதுச் சட்டையின் தையலைப் பிரித்து உள்ளே கையை விட்டார். ஆனால் 'போ தாயி' என்று சொல்லவில்லை. கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இதுல அவ இல்ல. அங்கனதான் இருக்கா. யாரு கையில பெட்டி இருக்கோ அவியதான் பிரிக்கணும். துணிய நீங்களே வெச்சுக்கிடுங்க, தண்ணியில விட வேண்டாம். அவள விட்டாப் போதும். நம்ம மயினிக்குப் பேறுகாலம் ஆகுமுன்ன விட்டுருங்க."

நம்ம மயினி என்றார். சுடலைமுத்துவின் மனைவி எனக்கும் உறவாகிவிட்டாள்.

ஊர் திரும்பி இயக்குநரிடம் போய் நின்றேன். பேயோட்டுவதற்கு அனுமதி கேட்கிறாயா என்றார். இல்லை என்றேன். பிரிப்பதும் தைப்பதும்தான் இந்தப் பொருளின் வாழ்க்கை. கடைசித் தையலை மட்டும் காப்பாற்றுவது நியாயமில்லை. அந்தக் குடும்பத்தாரின் சொல்லும் இந்தப் பொருளைப் பற்றிய ஆராய்ச்சிதான். இதையெல்லாம் வெவ்வேறு வார்த்தையில், வெவ்வேறு கூட்டத்தில் சொல்ல வேண்டியிருந்தது. நாள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வெள்ளியும் செண்பகம் போன் செய்வார். "ஆச்சா?" என்பார். இன்னும் இல்லை என்பேன். வைத்துவிடுவார்.

அனுமதி கிடைத்த மறுநாள் காலை அவரே வீடியோவில் அழைத்தார். தென்காசியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தார். மயினிக்கு விடியலிலேயே வலி வந்துவிட்டது. நானும் மெய் லிங்கும் சேமிப்பறைக்கு ஓடினோம். போனை மேசையில் சாய்த்து வைத்து, செண்பகம் பார்க்கும்படி சட்டையை விரித்தோம். மெய் லிங் மெல்லிய கத்தரியால் ஒவ்வொரு தையலாக வெட்டினாள். கடைசி நூல் வந்ததும் ஒதுங்கிக்கொண்டாள்.

"கைய விடுங்க" என்றார் செண்பகம்.

கையுறையைக் கழற்றிவிட்டு விட்டேன். உள்ளே துணி மட்டும்தான். எங்கள் சேமிப்பறை எப்போதும் குளிராகத்தான் இருக்கும். அந்தக் குளிர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. நான் கண்ணால் கண்டிராத பிள்ளை. இருந்தும் அதைச் சொல்லாமல் துணியின் விளிம்பையே தடவிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் ஏன் ஒவ்வொரு வருஷமும் சொல்லாமல் விட்டார் என்பது அப்போது எனக்கு நன்றாகவே புரிந்தது.

"சொல்லுங்க மேடம். சொல்லிருங்க."

"போ தாயி" என்றேன்.

தூங்கிப்போன பிள்ளை பிடித்திருக்கும் விரலை எழுப்பாமல் விடுவித்துக்கொள்வதுபோல, மெதுவாகத்தான் கையை எடுக்க முடிந்தது. ஏன் அப்படி எடுத்தேன் என்று மெய் லிங் கேட்கவில்லை. அவள் ஊசியும் நூலும் ஆயத்தமாக வைத்திருந்தாள். பிரித்த தையலைத் திரும்பப் போட வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. வேண்டாம், வைத்துவிடு என்றேன். அவள் வைத்துவிட்டாள்.

போனில் செண்பகத்தைக் காணவில்லை. ஆஸ்பத்திரிக் கூரையில் ஒரு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. யார் யாரோ ஓடும் சத்தம். நெடுநேரம் அந்த விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் முகம் வந்தது.

"பொம்பளப் பிள்ள. நல்லா அழுதா. ரெண்டு பேரும் சொகம்" என்றார். அழுதுகொண்டே சிரித்தார். சிரிப்பு நின்றதும் குரலைத் தாழ்த்தினார்.

"இடது கைய மட்டும் இறுக்கி மூடி வெச்சிருக்கா மேடம். நர்ஸம்மா விரிச்சுப் பாத்தாவ. விரிக்க மாட்டேங்கா."

எல்லாக் குழந்தையும் கையை மூடிக்கொண்டுதான் பிறக்கும் என்றேன்.

"ஆமா" என்றார் செண்பகம். "எல்லாப் பிள்ளையும் அப்படித்தான்."

அதற்கப்புறம் அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.